காரணம்: விமானியின் தவறு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பின் வரிசையைப் பிடித்துக்கொண்ட பாலிடெக்னிக் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு நண்பர் நோட்டீஸைக் காட்டிக் கேட்டார். "போர் முடிந்த பிறகு ராணுவ விமானம் ஏன் சார் விழ வேண்டும்? யார் சுடுகிறார்கள்?" அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு முழுக்கப் பதில் சொல்லப் போகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில், சுடுவதற்கு எதிரியே இல்லாத வானத்திலிருந்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போர் விமானங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விமானி இல்லை. விமானப்படையில் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில், ஸ்பேனர் பிடித்தவன். விமானத்தைத் தயார் செய்து கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும் வரை ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் ஒருவன். அதனால் ஒரு விபத்து என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது விமானியின் முகம் இல்லை. கடைசியாக அந்தப் பேனலை மூடியவன் யார் என்றுதான் யோசிப்பேன்.

சரி, கதைக்கு வருவோம்.

1945 ஆகஸ்ட் 6. அந்தத் தேதியைச் சொன்னதும் எல்லோருக்கும் ஹிரோஷிமாதான் ஞாபகம் வரும். அதே தேதியில் கலிஃபோர்னியாவில், லாக்ஹீட் தொழிற்சாலை இருந்த பர்பாங்க் விமான நிலையத்திலிருந்து ரிச்சர்ட் பாங் என்ற விமானி கிளம்பினார். வயது 24. பசிபிக் போரில் 40 ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியவர். அமெரிக்க விமானிகளில் அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. இவ்வளவு பெரிய வீரரை இழக்கக் கூடாது என்றுதான் போர்முனையிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் அவருக்குக் கொடுத்த வேலை, புதிதாக வந்த பி-80 ஜெட்டைப் பறந்து பார்த்துப் படைக்கு வாங்குவது.

கிளம்பிய சில நொடிகளில் எரிபொருள் பம்பு நின்றது. என்ஜின் அணைந்தது. பாங் வெளியே குதித்தார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முந்தைய வருடம் அக்டோபரில் லாக்ஹீடின் தலைமைச் சோதனை விமானி மைலோ பர்ச்சம், இதே மாதிரி விமானத்தில், இதே மாதிரி கிளம்பும்போது பம்பு நின்று இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மின்சாரத்தில் ஓடும் மாற்று பம்பு ஒன்றைச் சேர்த்தார்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதன் ஸ்விட்சைப் போட்டுவிட வேண்டும். பிரதான பம்பு நின்றாலும் இது கை கொடுக்கும். பாங் விழுந்த அன்று அந்த மாற்று பம்பு ஓடவில்லை.

அப்படியானால் என்ன எழுதுவது? ஸ்விட்சைப் போடவில்லை, விமானியின் தவறு. எழுதியாயிற்று, கோப்பை மூடியாயிற்று. அந்தக் காலத்து விபத்துகளைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த இரண்டு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். பொய் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை வந்த இடத்திலேயே விசாரணை நின்றுவிடும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

கொஞ்சம் எண்களைச் சொல்லிவிடுகிறேன், அதிகம் சொல்ல மாட்டேன். 1947-ல் அமெரிக்க விமானப்படையில் ஒரு லட்சம் மணி நேரப் பறப்புக்கு 44 பெரிய விபத்துகள் நடந்தன. 1954 என்ற ஒரே வருடத்தில் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் சேர்ந்து 776 விமானங்களையும் 535 உயிர்களையும் இழந்தன. அந்த வருடம் அவர்களுக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை, கொரியப் போர் முந்தைய வருடமே ஓய்ந்துவிட்டது. பிரிட்டனில் மீட்டியர் என்ற ஒரே ஒரு ரக ஜெட்டில் மட்டும், அது சேவையில் இருந்த காலம் முழுவதும் சேர்த்து, ஏறக்குறைய 890 விமானங்கள் போயின. அதில் இறந்த விமானிகள் 450-ஐ ஒட்டி.

இவ்வளவு பேர் செத்தும் ஏன் யாரும் அலறவில்லை? அப்போதுதான் பல வருடம் தினமும் சாவுச் செய்தி கேட்டுப் பழகிய நாடுகள் அவை. படைத்தளத்தில் ஒருவன் விழுந்தால் அன்றிரவு மெஸ்ஸில் அவன் பெயரைச் சொல்லி ஒரு கோப்பை, மறுநாள் காலை மறுபடி பறத்தல். இன்னொரு பக்கம், போர் முடிந்ததும் அனுபவப்பட்ட மெக்கானிக்குகளை எல்லாம் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். விமானம் புதுசு, என்ஜின் புதுசு, அதைத் தெரிந்த கை மட்டும் ஊருக்குப் போய்விட்டது. இதன் அருமை ஹேங்கரில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த 'விமானியின் தவறு' என்ற வார்த்தையை முதலில் சந்தேகப்பட்டவர்களிடம் போவோம். அவர்கள் விமானிகளும் இல்லை, என்ஜினியர்களும் இல்லை. உளவியல் படித்தவர்கள்.

போர்க் காலத்திலேயே ஓஹையோவில் ரைட் ஃபீல்டு என்ற தளத்தில் அல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் வேலை பார்த்தார். அவரிடம் ஒரு விசித்திரமான பிரச்சினை வந்தது. பி-17 என்ற நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம் பத்திரமாக வந்து இறங்கும். ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போதே விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையைத் தேய்க்கும். ஒருவர் இருவர் இல்லை, திரும்பத் திரும்ப நடந்தது. ஆனால் நம் ஊரிலும் பறந்த டகோட்டாவில் இந்தத் தகராறு கிடையாது. ஒரு விமானத்தின் விமானிகள் மட்டும் எப்படி எல்லோரும் முட்டாளாக இருக்க முடியும்?

சபானிஸ் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கியதும் மடக்க வேண்டியது ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் பலகையை. அதன் ஸ்விட்சும் சக்கரத்தின் ஸ்விட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. களைத்துப் போய் வந்தவன் கை பழக்கத்தில் ஏதோ ஒன்றைத் தட்டும். வீட்டில் உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, காப்பியில் உப்பு விழுந்ததும் சமைத்தவரைத் திட்டுவது போலத்தான். அவர் செய்தது ரொம்பச் சின்ன வேலை. சக்கரத்துக்கு உண்டான பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், ஃப்ளாப் பிடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு. கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் எந்தப் பெரிய விமானத்தின் காக்பிட்டிலும் பாருங்கள், சக்கரத்தின் லீவர் முனையில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும்.

போர் முடிந்ததும் அதே ரைட் ஃபீல்டில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தார்கள். அவர்களுடைய 1947 அறிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் விமானிகளிடம் போய்க் கேட்ட கேள்வியில் ஒரு நுட்பம் இருந்தது. நீ செய்த தவறு, இல்லையென்றால் நீ பக்கத்திலிருந்து பார்க்க இன்னொருவன் செய்த தவறு, ஏதாவது ஒன்றை விவரமாகச் சொல் என்றார்கள். 'இன்னொருவன்' என்ற அந்த வாசலைத் திறந்துவிட்டதும் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே, 'என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான்' என்றுதானே பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள்.

அப்படிச் சேர்ந்தவை 460 தவறுகள். அதில் பாதி ஒரே வகை: ஒன்றை நினைத்து இன்னொன்றைப் பிடித்தது. ஏன் என்று பாருங்கள். விமானத்தில் மூன்று முக்கியமான லீவர்கள் வரிசையாக இருக்கும். வேகத்துக்கு த்ராட்டில், ப்ரொப்பெல்லருக்கு ஒன்று, எரிபொருள் கலவைக்கு ஒன்று. பி-25-ல் இடமிருந்து வலமாக த்ராட்டில், ப்ரொப்பெல்லர், கலவை. டகோட்டாவில் ப்ரொப்பெல்லர், த்ராட்டில், கலவை. சி-82 என்ற சரக்கு விமானத்தில் கலவை, த்ராட்டில், ப்ரொப்பெல்லர். மூன்றும் ஒரே படையின் விமானங்கள்தான். திங்கட்கிழமை ஒன்றில் பறந்தவன் வியாழக்கிழமை இன்னொன்றில் பறப்பான்.

இங்கே பழைய புல்லட் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கை தூக்குங்கள். பார்த்தேன், நாலைந்து பேர். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்கில் அப்படியே தலைகீழ். வருடக்கணக்கில் வேறு பைக் ஓட்டியவன் அவசரத்துக்கு நண்பனின் புல்லட்டை எடுத்துக்கொண்டு போவான். குறுக்கே ஒரு ஆடு வரும். வலது காலை ஓங்கி மிதிப்பான், கியர்தான் மாறும், வண்டி நிற்காது. ஆட்டுக்காரன் ஓட்டுனரைத்தான் அடிப்பான். பாகங்களை அந்த இடத்தில் வைத்தவனைத் தேடிக்கொண்டு எந்த ஆட்டுக்காரனும் போக மாட்டான்.

அடுத்து உயரம் காட்டும் கருவி. அந்தக் காலத்து உயரமானியில் கடிகாரம் போல மூன்று முள். நீள முள் நூறு அடிகளுக்கு, அதைவிடக் குட்டை முள் ஆயிரங்களுக்கு, எல்லாவற்றிலும் பொடியான முள் பத்தாயிரங்களுக்கு. கவனியுங்கள், உயிரைக் காப்பாற்றுகிற கணக்கு பொடி முள்ளில் இருக்கிறது, அதை மற்ற இரண்டும் மறைக்கும். வால்டர் க்ரீத்தர் என்பவர் விமானிகளை உட்கார வைத்துச் சோதித்தார். படிக்கவே சுமார் ஏழு நொடி ஆயிற்று. அப்படிப் படித்தும் பத்தில் ஒன்றுக்கு மேல் ஆயிரம் அடியோ அதற்கும் மேலோ பிசகியது. மேகத்துக்குள் மலையைப் பார்த்துப் போகிறவனுக்கு ஆயிரம் அடி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் அந்த மூன்று முள் கருவி வருடக்கணக்கில் விமானங்களில் தொடர்ந்தது. ஏன் என்றால், அதுதான் வழக்கம். வழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்பை நகர்த்த ஒரு கோப்பு. அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இனி மீட்டியர். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான்.

மீட்டியர் 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த ஜெட். இரண்டு என்ஜின், ஒன்றை ஒன்று விட்டு இறக்கைகளில் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு என்ஜின் அணைந்தால் ஓடுகிற என்ஜின் விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் என்ன ஆகும், அதேதான். விமானி காலால் ரட்டர், அதாவது வாலில் உள்ள திருப்பும் பலகை, அதன் பெடலை முழு பலத்தோடு மிதித்து நேராக்க வேண்டும். வேகம் குறையக் குறைய ரட்டருக்குப் பலம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் எவ்வளவு பலசாலியின் காலும் போதாது. அந்த நிலையில், ஐயோ உயரம் போகிறதே என்று ஓடுகிற என்ஜினுக்கு முழு வேகம் கொடுத்தால், விமானம் அப்படியே மல்லாந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் மல்லாந்தால் அவ்வளவுதான்.

அதனால் ஒற்றை என்ஜினில் இறங்குவதை எல்லோருக்கும் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் பயிற்சிக்காக ஒரு என்ஜினை வேண்டுமென்றே அடக்கி இறங்கிப் பழகியவர்கள் சாகத் தொடங்கினார்கள். உண்மையிலேயே என்ஜின் கெட்டுச் செத்தவர்களைவிட, என்ஜின் கெட்டால் என்ன செய்வது என்று பழகிச் செத்தவர்கள் அதிகம். பயிற்சி கொடுத்த இரட்டை இருக்கை மீட்டியரில் வெளியே தூக்கி எறியும் இருக்கையும் கிடையாது. மாணவன், ஆசிரியர் இருவரும் சேர்ந்தே போவார்கள். தடுப்பூசி போட்டே ஊரைக் காலி செய்வது மாதிரி. அந்தப் பயிற்சி வருடக்கணக்கில் நிற்கவில்லை. ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் விமானி ஏதோ ஒரு தவறு செய்திருந்தான். மொத்தமாக அடுக்கிப் பார்த்தால்தானே, எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள், அப்படியானால் அதைச் செய்ய வைக்கிறது வேறு ஏதோ என்று புரியும்?

இன்னொன்றும் இருந்தது. இறங்குவதற்கு முன்னால் வேகத்தைக் குறைக்க இறக்கையில் ஏர்பிரேக் பலகைகளை நீட்டுவார்கள். அவற்றை உள்ளே இழுக்காமலே சக்கரங்களை இறக்கினால் வம்பு. சக்கரங்கள் இரண்டும் ஒரே நொடியில் இறங்காது, ஒன்று முந்தும். விமானம் ஒரு பக்கம் திரும்பும். நீட்டியிருந்த பலகைகளால் கலங்கிய காற்று வாலுக்குப் போவதால் வாலுக்குப் பிடிமானம் இருக்காது. தலைகுப்புறப் போய்த் தரையில் செருகும். இதற்குப் 'பேய்ப் பாய்ச்சல்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். காரணம் தெரியாததற்குப் பேய் என்று பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது. அந்த விமானத்துக்கு விமானிகள் வைத்த செல்லப் பெயர் 'மீட்பாக்ஸ்', அதாவது இறைச்சிப் பெட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்களாம்.

1951 ஜூன் 18 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் பிக்கின் ஹில் தளத்தில் ஒரு மீட்டியர் கிளம்பியதும் விழுந்தது. இறங்குவதற்காக மேலே சுற்றிக்கொண்டிருந்த இரண்டு மீட்டியர்கள் ஒன்றோடு ஒன்று மோதின. சில நிமிடத்துக்குள் மூன்று விமானம், மூன்று விமானி.

எரிபொருள் விஷயமும் அப்படித்தான். அந்தக் கால ஜெட்டுகள் பெட்ரோல் குடிக்கிற வேகத்துக்கு — பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் மாதிரி என்று மாணவர்கள் திருத்துவார்கள், சரி — ஒரு மணி நேரம் மேலே நிற்பதே கஷ்டம். இங்கிலாந்து வானிலையோ மாமியார் முகம் மாதிரி, எப்போது இருளும் என்று தெரியாது. 1956 பிப்ரவரி 8 அன்று வெஸ்ட் ரேனம் தளத்திலிருந்து எட்டு ஹண்டர் ஜெட்டுகள் பயிற்சிக்குப் போயின. வானிலை கெட்டதால் பக்கத்திலிருந்த மார்ஹம் தளத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் மூடிவிட்டது. டாங்க் காலி. இரண்டு மட்டும் இறங்கின, ஆறு போயின. வெளியே எறியும் இருக்கை இருந்ததால் ஒரே ஒரு விமானி மட்டும் இறந்தார். வண்டி கெடவில்லை, ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். தரையில் எடுத்த முடிவு அது.

வடிவமைப்பின் குறையால் உடைந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். 1952 ஆகஸ்ட் 30 அன்று டெட்ராய்ட் விமானக் கண்காட்சியில் எஃப்-89 என்ற அமெரிக்க ஜெட்டின் இறக்கை மக்கள் கண்முன்னே பிய்ந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 6, இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ கண்காட்சி. ஜான் டெர்ரியும் டோனி ரிச்சர்ட்ஸும் டி.ஹெச்.110 விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டி வந்து இடி முழக்கிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது விமானம் துண்டு துண்டாயிற்று. கழன்ற என்ஜின்களில் ஒன்று போய் விழுந்தது கூட்டத்துக்குள். பார்க்க வந்தவர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். இறக்கையின் முன்விளிம்பு, திருப்பமும் உருளலும் சேர்ந்து வந்த சுமையைத் தாங்கவில்லை. அன்றைக்குக் கண்காட்சி நிற்கவில்லை என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓடுபாதையைச் சுத்தம் செய்துவிட்டு நெவில் டியூக் ஹண்டரை எடுத்துக்கொண்டு மேலே போனார், அவரும் இடி முழக்கினார். அந்தக் காலத்து மனசு அப்படி. கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் கூடாது, இவ்வளவு தூரம் தள்ளித்தான் பறக்க வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் இறுகின.

இப்போது என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. 1952 டிசம்பர் 20, அமெரிக்காவில் மோசஸ் லேக். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு போகும் படையினரை ஏற்றிக்கொண்டு சி-124 என்ற ராட்சத விமானம் கிளம்பியது. உள்ளே 115 பேர். எழும்பிய உடனே விழுந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். என்ன காரணம்? நிறுத்தி வைத்த விமானத்தின் வால் பலகைகள் காற்றில் அடித்து உடையாமல் இருக்க ஒரு பூட்டு போட்டு வைப்பார்கள். அந்தப் பூட்டை விடுவிக்காமலே கிளம்பியிருக்கிறார்கள்.

இதை நான் முதலில் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் ஹேங்கரில் இப்படிப் பூட்டுகள், மூடிகள் எல்லாவற்றிலும் சிவப்புத் துணி நீளமாகத் தொங்கும். எங்கள் சீனியர் ஒருவர் அதை எண்ணி எண்ணிக் கையில் வாங்கி, விமானியின் கண்முன்னே தூக்கிக் காட்டிய பிறகுதான் வழி விடுவார். இளவயதில் எங்களுக்கு அது ஒரே கேலி. பூசாரி தீபம் காட்டுகிறார் என்போம். ஒரு தடவை அவர் எண்ணியதில் ஒன்று குறைந்தது. மறுபடி போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். மாட்டியதும் நான்தான். அவர் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து துணிகளுக்கு நம்பர் எழுதி வைத்தார்.

கடற்படைக் கதையை விட்டால் பேச்சு முழுமையாகாது. கப்பல் மேல்தளத்தில் விமானம் இறங்குவது பழைய முறையில் எப்படி? பின்பக்கமாக வந்து, குறுக்கே கட்டிய கம்பிகளில் கொக்கியை மாட்டி நிற்க வேண்டும். முன்பக்கம் மற்ற விமானங்கள் நிற்கும். நடுவில் ஒரு தடுப்பு. கம்பியைத் தவறவிட்டால் தடுப்பில் மோத வேண்டியதுதான். ப்ரொப்பெல்லர் காலத்தில் ஏதோ ஓடியது. ஜெட் வேகமாக வரும், அதன் என்ஜின் த்ராட்டிலைத் தள்ளினால் உடனே முறுக்கேறாது, சில நொடி யோசிக்கும். விமானிகளை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கவனமாகத்தான் இருந்தார்கள், விழுந்துகொண்டும் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் கடற்படையில் டென்னிஸ் கேம்பெல் என்ற அதிகாரி 1951-ல் ஒரு யோசனை சொன்னார். இறங்கும் பாதையை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வரைந்துவிட்டால் என்ன? கம்பியைத் தவறவிட்டவன் எதிரே வெறும் கடல்தான், மறுபடி எழும்பிச் சுற்றி வரலாம். தவறே நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பதில், தவறு நடந்தாலும் சாகாமல் இருக்க இடம் விட்டார். எனக்குத் தெரிந்து இந்தக் காலகட்டத்தின் ஆகப் பெரிய அறிவு அதுதான், ஜெட் என்ஜினைவிடவும்.

அப்புறம் நிக்கோலஸ் குட்ஹார்ட் என்ற இன்னொரு அதிகாரி, சரியான சாய்வில் இறங்க ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்றார். அதை மேலதிகாரிகளுக்கு அவர் விளக்கிய விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. மேஜையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு, எதிரே ஒரு டார்ச். அலுவலகத்துச் செயலாளர் பெண்ணைக் கூப்பிட்டு, டார்ச்சின் பிம்பம் கோட்டிலேயே இருக்கும்படி குனிந்துகொண்டே கிட்ட வாருங்கள் என்றாராம். விமானம் என்றால் என்னவென்று தெரியாத அந்தப் பெண் கச்சிதமாகச் சாய்ந்து வந்து மேஜையில் முகவாய் இடிக்க நின்றாராம். பயிற்சி இல்லாதவருக்கே வருகிறது என்றால் அந்தக் கருவி சரி.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆரம்பத்தில் சொன்ன பாங் கதையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவரோடு அங்கே வேலை பார்த்த இன்னொரு விமானி பிற்பாடு சொன்னது. முந்தைய ஒரு பறப்பிலும் அந்த மாற்று பம்பைப் போட மறந்துவிட்டேன் என்று பாங்கே அவரிடம் சொல்லியிருந்தாராம். அந்த முறை பிரதான பம்பு ஒழுங்காக ஓடியது. அதனால் அது பேச்சோடு போயிற்று.